வெறுங்காலில் 360: ஃபுளோரிடாவில் திருப்பம் கற்கப் போகிறவர்களுக்கு

வெறுங்கால் நீர்ச்சறுக்கில், பலகையே இல்லாமல், படகு இழுக்க, வெறும் பாதத்தில் நீர்மேல் நின்று பழகிவிட்டீர்கள். வேக்கை, அதாவது படகு பின்னால் எழுப்பும் அலையை, தாண்டிப் போகவும் வரவும் தெரியும். அடுத்து எல்லோருக்கும் வருகிற ஆசை ஒன்றுதான்: நின்றவாக்கிலேயே ஒரு முழுச்சுற்று. படகைப் பார்த்து நிற்க வேண்டும், முதுகைக் காட்ட வேண்டும், விழாமல் மறுபடி படகைப் பார்க்க வேண்டும். இதைத்தான் 360 என்கிறார்கள்.

பார்க்க ஒரு நொடி வேலை. கற்றுக்கொள்ள ஆகும் காலமும் பணமும் அப்படி இல்லை. நான் பட்ட பாட்டில் பாதி, யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் தேவையே இல்லாதது. அதனால் இந்தக் கட்டுரை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பத்துக்கு என்று நீங்கள் ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கை முதுகு காட்டி நிற்கப் பழகுவதற்குச் செலவிடுங்கள். அது உறுதியாகாதவர்களுக்குத் திருப்பம் வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை.

1. போகத் தகுதி இருக்கிறதா?

கீழே உள்ளவை பூமைப் (படகின் பக்கவாட்டில் நீளும் கம்பி) பிடிக்காமல், நீள ரோப்பில் உங்களுக்கு வர வேண்டும்: இரு காலில் ஆடாமல் நிற்பது, இரு பக்கமும் வேக்கைத் தாண்டுவது, ஒரு காலைத் தூக்கிச் சில நொடி தாக்குப் பிடிப்பது. டம்பிள் டர்னும் தெரிந்திருந்தால் நல்லது. உட்கார்ந்து, முதுகால் வழுக்கி, சுழன்று எழும் அந்த வித்தை ஹேண்டில் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை உடம்புக்குப் புரியவைக்கும்.

இவை வராமல் கிளம்பினால், விமானச் செலவு செய்து போய் ஊரில் பழகியிருக்க வேண்டியதைப் பழகிவிட்டு வருவீர்கள்.

கழுத்து, விலா, காது, முதுகுத்தண்டு ஆகியவற்றில் பழைய காயம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். “வாட்டர் ஸ்கீயிங்” என்று மட்டும் சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் முதுகுப்புறமாக நீரில் விழ வாய்ப்புண்டு என்று விளக்கிச் சொல்லுங்கள்.

2. ஊரும் மாதமும்

ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் நல்ல பயிற்சியாளர்கள் உண்டு. நான் எழுதுவது எனக்குத் தெரிந்த ஃபுளோரிடாவைப் பற்றி. அங்கே வின்டர் ஹேவன் இந்த விளையாட்டுக்குப் பேர்போன ஊர். கால்வாய்களால் இணைந்த ஏரிகள் ஊரைச் சுற்றிலும் கிடக்கின்றன. 2006, 2008 ஆண்டுகளின் உலகச் சாம்பியன் கீத் செயின்ட் ஆஞ்ச் பயிற்சி கொடுத்த ஊர் அது. ஓர்லாண்டோ, டாம்பா இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் காரில் போய்விடலாம். பேருந்தை நம்பி அறை போடாதீர்கள். ஏரிக்கரைக்கு விடியலில் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

மார்ச் கடைசி முதல் மே வரை சிறந்த காலம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நீர் இதமாக இருக்கும், ஆனால் மதியம் ஆனாலே இடிமழை. இடி கேட்டதும் படகைக் கரைக்குத் திருப்பிவிடுவார்கள். அன்றைய பிற்பகல் செட் (ஒரு முறைக்கான பயிற்சி நேரம்) போனது போனதுதான். சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. குளிர்காலத்திலும் ஏரியில் இறங்குகிறார்கள், உடம்பில் நீர் படாத டிரை சூட் போட்டுக்கொண்டு. புதிதாகத் திரும்பப் பழகுகிறவருக்கு அந்தக் கனத்த உடுப்பு கைகால்களைக் கட்டிப்போட்டது போலிருக்கும்.

கோடையில் வேறொரு விஷயமும் உண்டு. சூடான நன்னீரில் வாழும் நெக்லீரியா என்ற அமீபா மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். மிக மிக அரிது, ஆனால் வந்தவர்கள் பிழைப்பது அதைவிட அரிது. படகுக்கு முதுகு காட்டும் பயிற்சியில் முகம் நீரில் புதைந்தபடிதான் தொடங்குவீர்கள். ஒரு மூக்குக் கிளிப் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், விலை சொற்பம்.

முதலைகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஏரிகளில் இருக்கின்றன. கரையோரப் புதரடியில் மிதந்துகொண்டு அடுத்த முறைக்குக் காத்திருக்காதீர்கள், அவ்வளவுதான்.

3. தாள்கள்

விசா: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பி-2 என்ற சுற்றுலா வகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலாப் போன இடத்தில் பட்டம், மதிப்பெண் எதுவும் தராத குறுகிய பொழுதுபோக்குப் பயிற்சியை அந்த விசாவிலேயே எடுத்துக்கொள்ளலாம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நீர்ச்சறுக்குப் பள்ளியின் பெயரில் “ஸ்கூல்” என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் படிக்கப் போவதாக எழுதிவிடுகிறார்கள். மாணவர் விசா என்பது முற்றிலும் வேறு வகை. நீங்கள் விடுமுறைக்குப் போகிறீர்கள், அதில் சில நாள் நீர்ச்சறுக்குப் பழகுகிறீர்கள். அதுதான் உண்மை, அதையே எழுதுங்கள், நேர்காணலிலும் அதையே சொல்லுங்கள். விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், மறுத்தாலும் திரும்பாது. கூடுதல் கட்டணம் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று கட்டும் நாளில் தூதரகத் தளத்தில் பாருங்கள். நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், விசா கைக்கு வரும் முன் பயிற்சிக்கு முன்பணம் கட்டாதீர்கள். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, எஸ்டா என்ற இணையவழிப் பயண அனுமதி போதும். மலேசியர்களுக்கு விசா வேண்டும்.

காப்பீடு: பயணக் காப்பீட்டுத் தாளில் “நீர் விளையாட்டு அடங்கும்” என்ற வரியை நம்பி நிற்காதீர்கள். அடுத்த பக்கத்தில் ஆபத்தான விளையாட்டுகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். வெறுங்கால் நீர்ச்சறுக்கு அதில் இருக்க நிறையவே வாய்ப்புண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்த விளையாட்டின் பெயரைச் சொல்லியே கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன “ஆமாம் சார்” மருத்துவமனையில் செல்லாது. அமெரிக்காவில் ஒரு ஸ்கேன், ஓர் இரவு படுக்கை என்றாலே பில் எங்கேயோ போய்விடும். இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பொறுப்புத் துறப்புப் படிவம்: ஏரிக்கரையில் நீட்டுவார்கள். முந்தின நாளே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் நீரில் இறங்கும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

படகு ஓட்டும் எண்ணம் இருந்தால்: 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள படகை ஃபுளோரிடாவில் ஓட்ட, படகுப் பாதுகாப்புக் கல்வி அட்டை வேண்டும். பள்ளியில் கற்பவர்களுக்கு இது தேவைப்படாது. நண்பரின் படகில் மாற்றி மாற்றி ஓட்டலாம் என்று போகிறவர்கள் கவனிக்கவும்.

4. எவ்வளவு ஆகும்?

பயிற்சியை “செட்” கணக்கில் விற்கிறார்கள். ஒரு செட் என்பது பெரும்பாலும் கால் மணி நேரமோ சற்று அதிகமோ. ஒரு செட்டுக்கு நூறு டாலரை ஒட்டி வைத்துப் பட்ஜெட் போடுங்கள். உண்மையான விலை பள்ளிக்குப் பள்ளி மாறும். கேட்க வேண்டியவை: பெட்ரோல் இதில் சேர்ந்ததா? ஷூ ஸ்கீ (காலில் மாட்டும் சிறு பலகை), ஹெல்மெட் வாடகை தனியா? மழையால் நின்றுபோன செட்டுக்குப் பணம் திரும்புமா, அல்லது வேறு நாள் தருவார்களா? நான் நடுவில் களைத்துப்போய் இறங்கினால் மீதி நேரம் என்ன ஆகும்?

மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு செட் எடுக்க ஆசை காட்டுவார்கள். திருப்பம் பழகும்போது ஒரு நாளைக்கு மூன்று போதும். நான்காவதில் முன்னங்கை இறுகிவிடும், ஹேண்டில் இடுப்பில் நிற்காது, விழுவதற்குத்தான் காசு கொடுப்பீர்கள். மூன்று நாள் பழகி, ஒரு நாள் ஓய்வெடுத்து, மறுபடி மூன்று நாள் என்று அறை போட்டால் அந்த ஒரு நாள் வாடகை வீணே இல்லை.

5. உடுப்பு

வெறுங்கால் சறுக்குக்கென்றே தைத்த, மெத்தை வைத்த வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை) வேண்டும். புதிதாக 300 முதல் 600 டாலர் வரை வைத்துக்கொள்ளுங்கள். அதனுள்ளே தடித்த நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) கால்சட்டை. கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன்: இந்த வேகத்தில் உட்கார்ந்தபடி விழுந்தால் நீர் உடம்பின் திறப்புகளுக்குள் பீய்ச்சி ஏறி உள்ளுறுப்பைக் கிழிக்கும். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். சாதாரணக் குளியலுடையோடு யாராவது இறக்கிவிட்டால் அந்தப் படகிலிருந்து இறங்கிவிடுங்கள்.

காது அடைப்பான், பல் காப்பு, ஹெல்மெட் மூன்றும் அவசியம். முதுகுப்பயிற்சியில் குதிகால் நீரில் மாட்டினால் பின்மண்டைதான் முதலில் அடிபடும்.

சட்டச் சிக்கல் ஒன்று. இந்த வெட்சூட் நன்றாக மிதக்கும், ஆனால் பெரும்பாலானவற்றுக்குக் கடலோரக் காவல்படையின் அங்கீகாரம் கிடையாது. ஃபுளோரிடாச் சட்டமோ, இழுபடுபவர் அங்கீகாரம் பெற்ற, காற்றடைக்காத வகை மிதவை அங்கி அணிய வேண்டும் என்கிறது. பள்ளி இதை எப்படிக் கையாள்கிறது என்று கேளுங்கள். ஓட்டுபவரைத் தவிர உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவரோ, அகலமான பின்பார்வைக் கண்ணாடியோ படகில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். திருப்பம் பழகும்போது கண்ணாடியை ஏற்காதீர்கள், ஆள் வேண்டும்.

6. வேகம்

உடல் எடையைப் பவுண்டில் எடுத்து, பத்தால் வகுத்து, இருபதைக் கூட்டினால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 60 கிலோ என்றால் 132 பவுண்டு, அதாவது 33 மைல், கிட்டத்தட்ட 53 கிலோமீட்டர். 75 கிலோவுக்கு 59 கிலோமீட்டர். 90 கிலோவுக்கு 64.

பயத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்வது எல்லோரும் செய்வது. குறைத்தால் பாதம் ஆழமாக அமிழும். அமிழ்ந்த பாதத்தைத் திருப்பினால் விளிம்பு மாட்டும். கணக்கில் வரும் வேகத்திலேயே தொடங்கி, ஒரு மைல் கூட்டுவதையோ குறைப்பதையோ கோச்சிடம் விட்டுவிடுங்கள். படகோட்டியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நான் திரும்பும் நொடியில் ஆக்சிலரேட்டரில் கை வைக்காதீர்கள். பழக்கமில்லாத ஓட்டுநர், ஆள் தடுமாறுவதைக் கண்டதும் இரக்கப்பட்டு வேகத்தைக் குறைப்பார். அந்த இரக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

கை சைகைகளையும் முன்பே பேசி வையுங்கள். முதுகு காட்டி நிற்கும்போது இரு கையும் பின்னால் இருக்கும், கட்டைவிரல் காட்ட முடியாது. தலையசைவுக்கு என்ன அர்த்தம் என்று கரையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

7. தரையில்

தூணிலோ மரத்திலோ இடுப்புயரத்தில் ரோப்பைக் கட்டுங்கள். வழவழப்பான தரை, காலில் காலுறை. இடப்பக்கம் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஹேண்டிலை வலது இடுப்புக்கு இழுங்கள், இடக்கையை விடுங்கள், சுழலுங்கள், விட்ட கை முதுகுக்குப் பின்னால் போய் ஹேண்டிலைப் பிடிக்கட்டும். இப்போது தூணுக்கு முதுகு காட்டி நிற்கிறீர்கள். வலக்கையை விடுங்கள், அதே பக்கமாகச் சுழலுங்கள், முன்னால் வந்ததும் வலக்கை பிடிக்கட்டும். கீழே பார்க்காமல், நினைக்காமல் கை தானாகப் போகும்வரை வீட்டிலேயே செய்யுங்கள். இதற்கு டாலர் செலவில்லை. ஏரியில் கை ஹேண்டிலைத் தேடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தேடலுக்கும் செலவுண்டு.

8. முதுகு காட்டி நிற்பது

பூம் என்பது படகின் பக்கவாட்டில் நீளும் அலுமினியக் கம்பி. அதில் ஐந்தடி ரோப் கட்டித் தொடங்குவார்கள். நீரில் குப்புறப் படுத்து, ஹேண்டிலைப் பின்னிடுப்பில் பிடித்து, பாதங்களை ரோப்மேல் போட்டுக்கொள்ள வேண்டும். படகு வேகமெடுக்கையில் முகம் நீருக்குள் இருக்கும். மூச்சை அடக்குங்கள். மார்பு நீர்மேல் ஏறி வழுக்கத் தொடங்கும்வரை எதுவும் செய்யக்கூடாது. பிறகு கால்களை ரோப்பிலிருந்து எடுத்து, அகட்டி, மெதுவாக நீரில் பதித்து, இடுப்பை உயர்த்தி எழ வேண்டும்.

இங்கே பாதத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். படகைப் பார்த்து நிற்கும்போது கால்விரல்கள்தான் நீரை வெட்டிக்கொண்டு முன்னே போகும் விளிம்பு. அதனால் விரல்களை மேலே மடக்கி வைக்கிறோம். முதுகு காட்டினால் குதிகால் முன்விளிம்பாகிவிடுகிறது. இப்போது எடை முன்பாதத்தில், குதிகால் சற்றே தூக்கலாக. பழைய பழக்கத்தில் விரலை மடக்கினால் குதிகால் இறங்கும், மாட்டும், வானம் தெரியும். முழங்கால் மடங்கி, மார்பு நிமிர்ந்து, பார்வை தூரத்துக் கரையில். தன் காலையே பார்க்கிறவர்கள் இடுப்பில் குனிந்துவிடுவார்கள். குனிந்தால் எடை விரல்நுனிக்குப் போய் மூக்கில் முடியும்.

விழப்போவது தெரிந்தால் ஹேண்டிலை விட்டுவிட்டு, முகவாயை நெஞ்சோடு ஒட்டிச் சுருளுங்கள். கையை ஊன்ற நீட்டாதீர்கள்.

எவ்வளவு பழகினால் போதும்? ஏரியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, பேசிக்கொண்டே போகும் அளவுக்கு அலட்சியமாக நிற்க வரவேண்டும். அதுவரை திருப்பத்தைப் பற்றிப் பேசவேண்டாம் என்று சொல்லும் கோச் நல்ல கோச். முதல் நாளே “வாங்க, சுத்திப் பார்க்கலாம்” என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

9. இரண்டு அரைத்திருப்பங்கள்

முதலில் ஷூ ஸ்கீயில். காலில் மாட்டும் அகலமான சிறு பலகைகள் அவை. பரப்பு கூடுதல் என்பதால் படகின் வேகத்தை நன்றாகக் குறைத்துப் பழகலாம், விழுந்தாலும் அடி லேசு. வாங்க வேண்டாம், பள்ளியிலேயே இருக்கும். இரு அரைத்திருப்பங்களும் ஷூவில் கண்ணை மூடிக்கொண்டு வரும்வரை பாதத்தில் முயலாதீர்கள்.

முன்னிருந்து பின்: ஹேண்டிலை இடுப்புக்கு இழுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கை நீண்டிருக்கும்போதே திரும்பினால் ரோப் தோளைப் படகுப் பக்கம் இழுத்துப் பாதி வழியில் நிறுத்திவிடும். அந்தப் பாதி வழிதான் ஆபத்தான இடம். இடப்பக்கம் திரும்பும் ஆளின் வலது பாதத்து வெளிவிளிம்பு அந்நேரம் முன்விளிம்பாகிறது. விரலையோ குதிகாலையோ தூக்குவது போல அந்த விளிம்பைத் தூக்க வழியில்லை. அங்கே தங்கினால் மாட்டியே தீரும், வலது விலாவில் விழுவீர்கள். ஆகவே இழுங்கள்; இழுக்கும்போதே உடம்பு சற்று மேலெழுந்து பாதம் லேசாகும்; அந்த லேசான நொடியில் இரு பாதமும் சேர்ந்து ஒரே வீச்சில் சுழல வேண்டும். கோதுமை தோசையைத் திருப்புவது மாதிரி: தயங்கினால் பிய்ந்துவிடும். திரும்பியதும் முழங்கால் மறுபடி மடங்கட்டும்.

பின்னிருந்து முன்: பலருக்கு இது சுலபமாகத் தோன்றும், பழகிய நிலைக்குத் திரும்புகிறோம் அல்லவா. தவறு நடப்பது கையில். ஹேண்டிலை முதுகோடு ஒட்டி வைத்தபடியே ஒரு கையை விட வேண்டும். உடம்பை விட்டு விலகவிட்டால் ஒற்றைக் கையில் முழு இழுப்பும் ஏறி முழங்கை நீண்டுவிடும். முன்னால் வந்து சேரும்போது எடை குதிகால் பக்கம், விரல் மேலே. இதை மறந்து முன்பாதத்திலேயே நின்றால் முகம் நீரில்.

தினமும் இந்த இரண்டையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். படகிலிருக்கும் பார்வையாளரிடம் உங்கள் கைபேசியைக் கொடுத்தால் போதும். முதலில் அசைந்தது பாதமா, கையா என்று நீரில் இருக்கும்போது தெரியாது.

10. ஒட்டுவது

இரண்டு அரையும் வந்தபின் நடுவில் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதுகு நிலையில் மூன்று எண்ணுங்கள், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஒரு கட்டத்தில் கை மாற்றும் நேரம் மட்டுமே மிஞ்சும். அப்போது அது 360. ஒரே தாவலில் சுற்றிவிடலாம் என்று வேகமாகத் தோளை வீசுகிறவர்கள் முன்னால் வந்த பிறகும் நிற்க முடியாமல் மேலும் சுழன்று விழுவார்கள்.

எந்த நிலையிலும் ஹேண்டிலுக்குள் முன்கையை நுழைக்காதீர்கள். ரோப் உடம்பில் சுற்றுகிறது என்று தோன்றினால் அந்தச் செட் போனாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

11. பூமிலிருந்து நீள ரோப்புக்கு

பூமில் சுலபமாக வருவதை நம்பி ஊருக்குத் தகவல் சொல்லிவிடாதீர்கள். உயரத்தில் இருக்கும் அந்தக் கம்பி உங்கள் எடையில் ஒரு பங்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. ஐந்தடி ரோப்பிலிருந்து படகின் பின்னால் குட்டை ரோப், பிறகு எழுபது எழுபத்தைந்து அடி என்று போக வேண்டும். ஒவ்வொரு முறை நீளம் கூடும்போதும் முதல் செட்டில் முதுகு நிலையை மட்டும் பாருங்கள், திருப்பம் அடுத்த செட்டில். ரோப் நீளாத வகையாக இருக்கட்டும். ரப்பர் போல இழுபடும் ரோப்பில் நீங்கள் இழுத்த இழுப்பு கைக்கு வந்து சேராது.

காற்று எழுந்தபின் பழகாதீர்கள். விடியலுக்குப் பின் முதல் இரண்டு மணி நேரம் ஏரி கண்ணாடியாகக் கிடக்கும். சூரியன் மறைந்து அரைமணி நேரம் கழிந்ததிலிருந்து, மறுநாள் உதிக்க அரைமணி நேரம் இருக்கும்வரை இழுக்கச் சட்டம் இடம் தராது. காலை முதல் இடத்தை முன்பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள், தாமதித்தால் வேறு யாராவது பிடித்துவிடுவார்கள்.

போட்டியில் இறங்கும் எண்ணமிருந்தால் வலப்பக்கச் சுற்றையும் இப்போதே தொடங்குங்கள். பதினைந்து நொடி கொண்ட இரண்டு ஓட்டங்களில் செய்து காட்டும் வித்தைகளுக்குப் புள்ளி கிடைக்கிறது. எதிர்ப்பக்கச் சுற்று தனி வித்தையாகவே எண்ணப்படும். தரைப்பயிற்சியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும், ஆனால் முதுகு நிலை ஏற்கெனவே கையில் இருப்பதால் பாதிச் செலவுதான்.

கிளம்பும் நாளுக்கு முந்தின மதியமே கடைசி செட்டை முடித்துக்கொள்ளுங்கள். மெத்தை வைத்த வெட்சூட் ஒரு இரவில் முழுதாகக் காயாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பெட்டி 23 கிலோவைத் தாண்டி, விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குக் கட்ட வேண்டிவரும்.